மலைவேம்பில் ஒரு பேஸ் கிட்டார்

ஈயம் உருகிச் சொட்டாக நிற்கிற அந்த ஒரு நொடியில் மூச்சு விடக்கூடாது என்று தேவநேசனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆவாரம்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டிப் பிழைத்த இத்தனை வருஷத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது, இப்போது மூக்கை மூடிய மாஸ்க்கும் சேர்ந்துகொண்டதால் மூச்சை அடக்குவதும் விடுவதும் அவன் காதுக்கே கேட்டது. புகை ஆகாது, தூசி ஆகாது, கூட்டம் ஆகாது, ரோட்டுக் கடையின் தேங்காய்ச் சட்னி ஆகவே ஆகாது. டாக்டர் சொன்னது பாதி, எப்சிபா தன் பங்குக்குச் சேர்த்தது மீதி. மாஸ்க் இல்லாமல் ஈயம் வைப்பதை ஒரு தரம் பார்த்துவிட்டு அவள் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள், மைதானத்தில் கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு ஊதுவது போல. பி.டி. டீச்சரைக் கட்டிக்கொண்டவனுக்கு வாய்க்கிற சௌபாக்கியம் இது. இன்றைக்குச் சனிக்கிழமை என்றும் பாராமல் விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளை ஓடவிடப் போயிருக்கிறாள், சாயங்கால மாத்திரை நேரத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், அதற்குள் இந்த பேஸ் கிட்டார் வாயைத் திறந்து பேசியாக வேண்டும். பேசும். ஏன் பேசாது. மேஜைமேல் பழைய போர்வையை விரித்து அதைக் கவிழ்த்துப் போட்டிருந்தான், முதுகில் குடைந்த பள்ளத்துக்குள் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக ஒயர்கள் கிடந்தன. கறுப்பை வால்யூம் குமிழின் தகர முதுகில் ஒட்டினான். ஈயம் பளபளவென்று நின்று, மங்கி, இறுகியது. ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டான். ஈயம் உருக்குகிற சூட்டு ராடை அதன் தாங்கியில் வைத்தான். இன்னும் ஒரு முனைதான் பாக்கி.

வலது பக்கம் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்துக்கு ரத்தக்குழாய் இரண்டாக வருகிறது, வலதுதான் தோது என்று டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டியபோது எப்சிபா, "எதோ ஒண்ண எடுங்க சார், ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நான் எந்திரிக்கோணும்" என்றாள். கடையில் வெண்டைக்காய் பொறுக்குகிறவள் கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பாள். அந்த வலது இப்போது இவன் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக, தோலுக்குச் சற்றுக் கீழேயே உட்கார்ந்திருக்கிறது. மல்லாந்து படுத்துக் கையை வைத்தால் தட்டுப்படும். காலையில் கண் விழித்ததும் அவன் கை முதலில் போவது அங்கேதான், வீட்டுக்குள் வந்து தூங்குகிற விருந்தாளி எழுந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பது போல. அவள் பக்கத்தில் விலாவுக்கு அடியில் ஒரு தழும்பு, முன்னாலிருந்து முதுகு வரை சாய்வாகப் போகிறது. பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டினால் அதன் மேல் விளிம்பு வந்து அழுத்துகிற இடமும் அதுவே. இது ஏன் எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தோன்றவில்லை, தோன்றியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன், இடதை எடுங்கள் என் சம்சாரம் கிட்டார் வாசிக்கிறவள் என்று சொல்லியிருப்பேனா, சொல்கிற நிலையிலா இருந்தேன். வீடு திரும்பிப் பல மாதம் கழித்து ஒரு நாள், அவன் தூங்குகிறான் என்று நினைத்து அவள் பழைய கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டதை அவன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். நாலு தட்டு. அவ்வளவுதான். கை தந்தியை விட்டு விலாவுக்குப் போனது, பல்லைக் கடித்துக்கொண்டு வாரைக் கழற்றினாள், கழற்றும்போது இவனைப் பார்த்துவிட்டாள். "தூசிங்க, தும்மல் வருது" என்றாள். தும்மவில்லை. மறுநாள் அது உறைக்குள் போய் பீரோ மேல் ஏறியது. சர்ச்சில் யார் கேட்டாலும் "நேரமில்லீங்க" என்கிறாள். கீபோர்டுக்காரர் இடது கையால் கீழ்க்கட்டைகளை அமுக்கி ஒப்பேற்றுகிறார், பாட்டு நடக்கத்தான் நடக்கிறது, ஆனால் தரை இல்லாத வீடு மாதிரி இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாசித்ததைக் கேட்டவன்தான் இவன், ஒரு நாளாவது அதைத் தனியாகக் கேட்டதில்லை. அது இருக்கும்போது யாருக்கும் தெரியாத சத்தம். நின்றபிறகுதான், ஓகோ, இவ்வளவு நாளும் பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது இவளா என்று தெரிந்தது. என் உடம்புக்குள் இருந்ததும் நிற்கிறவரைக்கும் எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அதனால்தான் மலைவேம்பு. கணபதியில் கதவு நிலையும் ஜன்னலும் செய்கிற திருமூர்த்தி ஆசாரியிடம் போய், லேசான மரமாக ஒன்று வேண்டும் அண்ணா, உரம் குறைந்தாலும் பரவாயில்லை, கனம் இருக்கக்கூடாது என்றபோது அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கதவு செய்யறவன் கிட்ட வந்து கித்தாரு கேக்கறயே, நாளைக்கு ஏரோப்ளேன் கேப்பயாட்ட" என்றார். யாருக்கு என்று கேட்டார். சொன்னான். அப்புறம் அவர் கிண்டல் செய்யவில்லை, உள்ளே போய் ஒரு பலகையைத் தோளில் தூக்கி வந்தார். மலைவேம்பு, இளஞ்சிவப்பு, விரலால் தட்டினால் டொக்கென்று இல்லாமல் டொம்மென்று சொன்னது. பின்பக்கம் தழும்புக்கு இடம் விட்டு எங்கே குடைய வேண்டும், எவ்வளவு ஆழம் என்பதற்கு தேவநேசனிடம் படம் எதுவும் இல்லை, அளவு இருந்தது. அவள் தூங்கும்போது இடுப்பெலும்பிலிருந்து தழும்பு வரைக்கும் சாண் போட்டுப் பார்த்திருந்தான், ஒரு சாணும் நாலு விரலும், தழும்பின் அகலம் பெருவிரல் கணு. அளக்கும்போது அவள் விழித்துக்கொண்டு "என்ன பண்றீங்க" என்றாள். "கொசு" என்று ஒரு தட்டுத் தட்டினான். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சாணை ஆசாரியின் பலகையில் வைத்துக் காட்டியபோது அவர் பலகையைத் தன் விலாவிலேயே சாய்த்துப் பார்த்து, இவ்வளவு உள்ளே போனால் அந்தப் பக்கம் ஓட்டை விழும் தம்பி என்று சொல்லிச் சொல்லியே அவ்வளவும் உள்ளே போனார். இழைக்கிற நேரத்தில் மட்டும் இவனை வேலிக்கு வெளியே நிறுத்திவிடுவார். "அக்கட்டால நில்லு சாமி, உனக்குத் தூசி ஆகாது." அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இவன் கேட்கவில்லை, ஊருக்கே தெரிந்த உடம்புதானே தன்னுடையது என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான், வெயிலில் அவர் இழைப்புளி தள்ளுவதைப் பார்க்கப் பார்க்க அந்த மனிதரின் முழங்கைக்குக் கூட நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

கழுத்து மட்டும் பழசு. அதில்தான் பயம். புதிதாக ஒரு கழுத்து செய்ய ஆசாரிக்கும் வராது, இவனுக்கும் வராது, வந்தாலும் அது அவள் கைக்குப் பழகாத கழுத்து. பழைய கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் அவள் பெருவிரல் ஏறி இறங்கி வார்னிஷ் போய் மரம் வழவழவென்று ஆகியிருந்தது, அதைத் தொட்டபோதே இதை விட்டால் வேறில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நாலே திருகு. ஒரு மத்தியானம் பீரோ மேலிருந்து உறையை இறக்கி, கழுத்தை எடுத்துவிட்டு, வெறும் உடம்பைத் திரும்ப உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மேலே போட்டுவிட்டான். திருட்டு வேலை. அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், எனக்காக எதையும் பிரிக்காதீங்க என்பாள், தன்னைப் பிரித்துக் கொடுத்தவள். இப்போது இது பேசாமல் போனால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. கழுத்தை எடுத்த கையோடு பழைய காயில்களையும் சோதித்தான், தந்திக்கு அடியில் உட்கார்ந்து அதன் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற இரண்டு சின்னப் பெட்டிகள், ஒன்று உள்ளுக்குள் அறுந்து செத்திருந்தது. சரி, இது நம்ம ஏரியா என்று அப்போது அவனுக்கு வந்த குஷி இருக்கிறதே. குதிரைத்திறன் கணக்கில் மோட்டார் கட்டியவன், இப்போது கனம் தூக்கக் கூடாதென்று மிக்ஸி, மேஜை ஃபேன் என்று இறங்கிவந்தவன், அவனுக்கு இது அதைவிடவும் சின்னது. கம்பி தலைமுடியைவிட மெல்லிசு, சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு நடுவே ஓடுகிற சூடு மட்டும்தான் தெரியும். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சுற்று. முதல் காயில் பாதியில் அறுந்தது, இரண்டாவது முடிகிற நேரத்தில் பால்காரர் மணியடித்ததில் கை இழுத்து அறுந்தது, பால்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அப்புறம் ஒரு டம்ளர் மோர் கொடுத்தான். மூன்றாவதும் நாலாவதும் நின்றன. மீட்டரை வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒரே கணக்குக் காட்டின. கை நடுங்காமல் இருந்ததற்கு, கண் மங்காமல் இருந்ததற்கு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிகிற உடம்புக்கு, ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம் வாயில் எளிதாக வருகிறது. ஆண்டவருக்கு ஆயிரம் சொல்லலாம். அவளுக்கு ஒன்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

நன்றி என்பது மேடையில் பேசுகிறவர்களின் சொல், மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வது. தேங்க்ஸ் என்பது லிஃப்டைப் பிடித்து நிறுத்தினவருக்குச் சொல்வது. வீட்டுக்குள் சோறு போட்டவளிடம் யார் என்ன சொல்கிறார்கள், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்கிறார்கள், அதற்குள் எல்லாம் அடக்கம். அது ரசத்துக்குப் போதும். இதற்கு? ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் கொடுத்த அம்மா இவனைத் தனியாகக் கூப்பிட்டு, வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், மனசில் வைத்தால் அது கனமாகிவிடும் என்றார். முயன்றான். எப்சி என்று ஆரம்பித்தால் "மாத்திரை போட்டாச்சா" என்று வரும். எப்சி உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும் என்றால் "தலை சுத்துதா, பி.பி. பாக்கட்டுமா" என்று கருவியை எடுத்துவிடுவாள். ஒரு தரம் விளக்கை அணைத்தபின் இருட்டில் முழுசாகச் சொல்லி முடித்தான், சொல்லி முடித்தபின் பார்த்தால் அவள் தூங்கியிருந்தாள், நாள் முழுக்க வெயிலில் நின்றவள். ஆகவே கையால் சொல்லலாம் என்று முடிவு செய்தான். கையால் சொல்வதில்தான் இந்த ஒயர் வந்து நின்றது. தந்திகளைக் கீழே பிடித்து நிற்கிற இரும்புத் தகடு ஒன்று இருக்கிறது, பழைய கிட்டாரைப் பிரித்தபோது கறுப்பு ஒயரிலிருந்து ஒரு கிளை நேராக அந்தத் தகட்டுக்குப் போயிருப்பதைப் பார்த்து விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். காயிலின் ஒயர் இரும்பைத் தொடுகிறது. தகடு தந்தியைத் தொடுகிறது. தந்தியை அவள் தொடுகிறாள். பாடி ஷார்ட். மோட்டார் கட்டுகிற எவனும் கனவில்கூடச் செய்யாத காரியம். காயில் கட்டி முடித்ததும் முதல் வேலை, கம்பி எங்காவது இரும்பு உடம்பைத் தொடுகிறதா என்று பல்பு வைத்துப் பார்ப்பது, பல்பு எரிந்தால் அத்தனையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டுவது. அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், எவனோ கட்டின மோட்டார், தண்ணீர் எடுக்க இறங்கினவரின் கை பைப்பில் ஒட்டிக்கொண்டதை இவனே கண்ணால் பார்த்திருக்கிறான், கட்டையால் அடித்துப் பிரித்தார்கள், பிழைத்துவிட்டார், ஆனால் அந்தக் கை ஒட்டிக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கோலத்தில் எப்சிபாவின் விரல்களை வைத்துப் பார்த்தான். இத்தனை வருஷம் இப்படியொரு ஒயரோடா வாசித்தாள், ஆண்டவரே, ஒன்றும் ஆகாமல் காத்தீரே. பழசில் இருந்த அந்த ஒயரை அங்கேயே வெட்டி எறிந்தான். புதுசில் அந்தப் பேச்சே இல்லை, தகட்டுக்கு அடியில் மோட்டாருக்கு வைக்கிற இன்சுலேஷன் பேப்பரையும் ஒரு துண்டு நறுக்கி வைத்து இறுக்கினான். செல்போனில் வீடியோ போடுகிற நரைமுடி வெள்ளைக்காரர் தகட்டுக்கு ஒயர் இழுப்பதைக் காட்டியபோதும், உங்களுக்குப் பழகிப்போச்சு துரை, எனக்கு ஒரே ஒரு சம்சாரம் என்று தள்ளிவிட்டான்.

கடைசி முனையும் ஒட்டியாயிற்று. மூடியைத் திருகினான். நிமிர்த்தி, நாலு தந்தியையும் முறுக்கி ஏற்றினான், அவளுடைய பழைய ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்து, ஒயரைக் குத்தி, மாஸ்க்கைக் கழற்றி நெற்றியைத் துடைத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு சுவிட்சைப் போட்டான். ம்ம்ம்ம் என்றது. தந்தியின் சத்தம் இல்லை, அதற்கு முன்னாலேயே, யாரும் தொடாமலேயே ஒரு இரைச்சல், தேன்கூட்டைக் கலைத்தாற்போல. தந்தியைத் தட்டினான், குரல் வந்தது, நல்ல குரல்தான், ஆழமான குரல், ஆனால் இரைச்சலுக்குள் மூழ்கி வந்தது. விரலைத் தந்திமேல் வைத்தால் இரைச்சல் இன்னும் ஏறியது. எடுத்தால் கொஞ்சம் இறங்கியது. வைத்தால் ஏறியது. என் கை பட்டால் ஏறுகிறது. சுவிட்சை அணைத்து, திருகைக் கழற்றி, ஒவ்வொரு ஒட்டையும் விரலால் இழுத்துப் பார்த்து, மீட்டர் வைத்துப் பார்த்து, மூடி, மறுபடி போட்டான். ம்ம்ம்ம். காயிலைச் சந்தேகப்பட்டான், கம்பியைச் சந்தேகப்பட்டான், காந்தம் விற்றவரைச் சந்தேகப்பட்டான், மலைவேம்பைக்கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். சிமென்ட் தரையில் கால் குளிர்ந்தது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இது அந்த மெஷின் அறையின் சத்தம். ரத்தத்தைக் கழுவுகிற மெஷினுக்குப் பக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறை படுத்துக்கிடந்தபோது காதுக்குள் ஓடியது இதுதான், மற்றவர்கள் டி.வி. பார்ப்பார்கள், தூங்குவார்கள், மோட்டார்க்காரன் மட்டும் மெஷினின் மோட்டாரைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான், பேரிங் தேய்ந்திருக்கிறதா, சூடாகிறதா, நின்றால் நான் என்ன ஆவேன். அங்கே திரும்பிப் போக வேண்டியிருந்தால்? ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் முந்தின நாள் வருகிற நினைப்பு இப்போது வேளை கெட்ட வேளையில் வந்து நின்றது. அவள் கொடுத்ததை என் உடம்பு வேண்டாம் என்று தள்ளிவிட்டால்? கொடுத்தவளுக்கும் இல்லாமல், வாங்கினவனுக்கும் இல்லாமல், நடுவழியில் ஒன்று வீணாய்ப் போகுமே. கழுத்தை எடுத்து இதில் வைத்தேன், இது இரைகிறது. கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. இருக்கிறது. இருக்கிறாய். இரு. அவன் சுவிட்சை அணைக்கவில்லை, அணைத்தால் முடிந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டதாகும் என்று தோன்றியது, இரைச்சலுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், கேட் திறந்த சத்தம்கூட அதனால் கேட்கவில்லை.

"ஏனுங்க, என்ன சத்தம் இது, ரோட்டு வரைக்கும் வருது." எப்சிபா வாசற்படியில் கையில் ஷூவோடு நின்றாள், முழங்கால் வரை செம்மண், கழுத்தில் விசில். அவன் எழுந்து மேஜைக்கு முன்னால் போய் நின்றுகொண்டான், நாலடி நீளக் கிட்டாரை ஒரு ஆள் முதுகால் மறைக்க முடியும் என்பது போல.

"மறைக்காதீங்க. நகருங்க."

"சரியா வரலே எப்சி. கெடுத்துட்டேன். உன்ற பழசையும் பிரிச்சுட்டேன், உன்னையக் கேக்காம."

"தெரியுமுங்க" என்று அவள் ஷூவை மூலையில் வைத்தாள். "பீரோ மேல தூசி தட்டறப்ப பை லேசா இருந்துச்சு. தொறந்து பாத்தா கழுத்தக் காணோம்."

"ஒண்ணுமே கேக்கலியே நீ."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க கணபதிக்கு நடையா நடக்கறதப் பாத்துட்டு, ஆசாரியண்ணனுக்கு மட்டும் ஃபோன் போட்டு, இவரைத் தூசிக்குள்ள உட்டறாதீங்கன்னு சொன்னேன்." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கிட்டாரைத் தூக்கினாள், தூக்கின கை எதிர்பார்த்த கனம் இல்லாமல் சற்று மேலே போய்விட்டது. வாரைத் தோளில் மாட்டினாள். மரம் வந்து அவள்மேல் சாய்ந்தது. பழக்கத்தில் அவள் வலது கை விலாவுக்குப் போனது, போய், மரத்துக்கும் தழும்புக்கும் நடுவே அந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து, அங்கே ஒன்றும் இல்லாததைத் தடவிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தாள். இடதும் வலதுமாகத் திரும்பினாள். ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் பிள்ளைகளைச் செய்யச் சொல்வது போல நுனிக்காலில் இரண்டு தரம் எம்பினாள். அப்புறம் இவன் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்குக் கொசு அடிச்சீங்க" என்றாள். அவன் ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினான்.

"ஆனா இரையுது எப்சி."

"இருங்க பாக்கலாம்." அவள் தந்தியைத் தொட்டாள், இரைச்சல் ஏறியது. விட்டாள், இறங்கியது. பதினெட்டு வருஷம் சர்ச்சில் வாசித்தவள், மேடையில் எது இரைந்தாலும் கை போகிற இடத்துக்கே இப்போதும் போனது, கிட்டாரில் குத்தியிருந்த ஸ்பீக்கர் ஒயர்ப் பின்னின் இரும்புக் கழுத்தை இரண்டு விரலால் பிடித்தாள். இரைச்சல் நின்றது. அறைக்குள் திடீரென்று ஃபேன் ஓடுகிற சத்தம், பக்கத்து வீட்டு குக்கர், தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுவது எல்லாம் கேட்டன. விரலை எடுத்தாள், ம்ம்ம்ம். வைத்தாள், நின்றது. "பழசுல தந்தியத் தொட்டாலே அடங்கிருமுங்க. இதுல பின்னத் தொட்டாத்தான் அடங்குது. தந்திக்கு எதோ ஒண்ணு போகோணுமா என்ன?"

தேவநேசன் அப்படியே நின்றான். பின்னின் கழுத்தும் கறுப்பு ஒயரும் ஒன்று. அதை அவள் தொட்டால் அவள் உடம்பும் அதோடு ஒன்று, காற்றில் அலைகிற இரைச்சலையெல்லாம் அவள் உடம்பு வாங்கிக் கறுப்பு ஒயரில் இறக்கிவிடுகிறது. பழசில் அந்த வேலையைத் தந்தியே செய்தது, தகட்டுக்குப் போன அந்த ஒயரால். எவனோ தெரியாமல் வைத்த ஷார்ட் இல்லை அது. வேண்டுமென்றே வைத்தது. நான்தான் வெட்டினேன். வெட்டினதும் இல்லாமல் பேப்பர் வேறு வைத்தேன். அதைச் சொன்னான், திக்கித் திக்கிச் சொன்னான், பல்பு வைத்துப் பார்ப்பதையும் அன்னூரில் ஒட்டிக்கொண்ட கையையும் சொன்னான். "ஒண்ணக் குடுத்தவ நீ. இனி உன்னைய ஒரு ஒயருல கூடக் கோக்கக்கூடாதுன்னு நெனச்சேன். உனக்கு ஒண்ணும் ஆகிறக்கூடாதுன்னு."

"என்னைய வெளிய நிறுத்தீட்டு நான் என்னத்தங்க வாசிக்கறது" என்றாள் எப்சிபா. கோபமாகச் சொல்லவில்லை. "போய் ஒயர எடுத்துட்டு வாங்க. மாஸ்க் போடுங்க."

முதலில் ஸ்பீக்கர் பெட்டியின் மூன்று முனை ப்ளக்கைப் பிரித்து எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தான், சுவரின் சாக்கெட்டிலும் பார்த்தான், இரண்டு தரம். அதில் மட்டும் அவனை யாரும் மாற்ற முடியாது, அவளும் சிரித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு தகட்டைத் தூக்கி, தான் நறுக்கி வைத்த பேப்பரைப் பிடுங்கிப் போட்டு, ஒயரின் ஒரு முனையைத் தகட்டின் அடியில் வைத்து இறுக்கினான். மறுமுனையைக் குமிழின் முதுகில் வைக்கும்போது அவள் செல்போன் வெளிச்சத்தை மேலே பிடித்தாள், அவள் மூச்சு அவன் காதோரம் பட்டது. ஈயம் உருகிச் சொட்டாக நின்றது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். இறுகியது. எத்தனையோ மோட்டாரில் எத்தனையோ ஒட்டு வைத்திருக்கிறேன், எல்லாம் ஆளைத் தள்ளி நிறுத்துவதற்கு வைத்த ஒட்டு, ஆளைச் சேர்த்துக்கொள்வதற்கு வைக்கிற முதல் ஒட்டு இது என்று நினைத்துக்கொண்டே மூடியைத் திருகினான்.

சுவிட்சைப் போட்டதும் லேசாக இரைந்தது. எப்சிபா விரல்களைத் தந்தியில் வைத்தாள். அடங்கியது, சுத்தமாக. அவள் ஒரு முறை இவனைப் பார்த்துவிட்டு, மேல் தந்தியை, இருப்பதிலேயே தடித்ததை, பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். காதுக்கு வருமுன் அது தரைக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடி கிலுங்கியது, மேஜைமேல் மாத்திரை டப்பா நடுங்கி ஒரு விரல்கடை நகர்ந்தது, அவன் உள்ளங்காலில் ஏறியது, முழங்காலில் ஏறியது, அடிவயிற்றில் வந்து நின்றது. அங்கே கையை வைத்தான். அவள் அங்கே தட்ட, இங்கே அவளுடையது அதிர்ந்தது. அவள் அடுத்த தந்திக்குப் போனாள், அப்புறம் வேறொன்று, ஞாபகத்திலிருந்து ஏதோ ஒரு பாட்டின் அடியை எடுத்து மெதுவாக நடக்க ஆரம்பித்தாள், விலாவுக்குக் கை போகவில்லை, கண்ணை மூடியிருந்தாள், பாட்டு இல்லை, தரை மட்டும் இருந்தது, இவன் அதன்மேல் நின்றான். உயிரோடு இருக்கிறேன். இவள் வாசிப்பதைக் கேட்கிறதுக்கு உயிரோடு இருக்கிறேன். கண்ணில் வழிந்ததை அவன் துடைக்கவில்லை. சாயங்கால மாத்திரைக்கு வைத்த அலாரம் எங்கோ அடித்துக்கொண்டிருந்தது, யாரும் அதை நிறுத்தவில்லை. இந்தச் சத்தத்துக்குள் என்ன சொன்னாலும் கேட்காது என்ற தைரியத்தில், தன் காதுக்கே எட்டாத குரலில் அவன் சொன்னான், "ரொம்ப நன்றி எப்சி. நீ குடுத்ததுக்கு. எல்லாத்துக்கும்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. வாசிப்பதையும் நிறுத்தவில்லை.

"கேக்குதுங்க" என்றாள். "மாத்திரையப் போட்டுட்டு வந்து, இன்னொருக்காச் சொல்லுங்க."